பழைய டிஸ்க் வேண்டாம்

கொண்டாப்பூரில் ஐவி நடத்திவந்த லேப்டாப் ரிப்பேர் கடைக்குள் பாலச்சந்திரன் நுழைந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். அவள் ஒரு கீபோர்டைக் கழற்றிவைத்து, அடியில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளை பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தாள். "இங்கே ஹார்ட் டிஸ்க் மாற்றுவீர்களா?" என்று தெலுங்கில் கேட்ட குரல் காதில் விழுந்ததும் பிரஷ் அப்படியே நின்றது. அந்தக் குரலை அவள் மறக்க வழியில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். தலை முழுக்க நரைத்து, வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. மற்றபடி அதே ஆள். கையில் தடித்த பழைய லேப்டாப்.

"அட, ஐவி. நீயா?" என்று தமிழுக்கு மாறினார். முகத்தில் உண்மையான சந்தோஷம். "எத்தனை வருஷமாச்சும்மா. இது உன் கடையா?"

"ஆமா சார்."

"பேஷ். நான்கூட யாரோ தெரியாத பசங்க கையில கொடுக்கணுமேன்னு யோசிச்சிட்டு வந்தேன். நீன்னா நிம்மதி. நீ எதையும் ரெண்டு தடவ பாத்துட்டுதானே கையெழுத்துப் போடுவ."

பக்கத்துக் கடையிலிருந்து அவரே டீ வரவழைத்தார், அவளுக்கும் சேர்த்து. அவர் பேசப் பேச அவளுக்கு ஒரு விஷயம் புரிந்தது. இந்த மனிதர் நடிக்கவில்லை. அவளுக்குச் செய்ததை அவர் மறந்தே போயிருந்தார்.

அவர் செய்தது இதுதான். ஆறு வருஷத்துக்கு முன் உப்பலில் ஒரு தொழிற்சாலையில் ஐவி இன்ஸ்பெக்டர். நீராவிக்கும் காற்றுக்குமான பெரிய இரும்பு டாங்குகள் செய்யும் இடம். செய்துமுடித்த டாங்கில் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, வெல்டிங் தாங்குகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. பன்னிரண்டு வருஷம் அதைத்தான் செய்தாள். பாலச்சந்திரன் அங்கே ஒர்க்ஸ் மேனேஜர். ஒரு நாள் லாரி வாசலில் வந்து நிற்கிறது, டாங்க் இன்னும் சோதனை முடியவில்லை. தண்ணீர் நிரப்பி வடிக்க ஒரு நாள் போகும், காற்றை ஏற்றியே பார்த்துவிடலாம் என்றார் அவர். தண்ணீரில் வெல்டிங் விட்டுப்போனால் பீய்ச்சி அடித்துவிட்டு நின்றுவிடும். காற்றில் விட்டுப்போனால் அது குண்டு. ஐவி முடியாது என்றாள். வாயால் சொன்னது போதாதென்று மெயிலிலும் எழுதினாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: காற்றிலேயே செய்யப்படும், பொறுப்பு என்னுடையது, நீங்கள் இன்று ஷாப் ஃப்ளோருக்குள் வர வேண்டாம்.

அன்று மதியம் டாங்கின் மூடி பறந்தது. வால்வின் பக்கத்தில் நின்ற ஃபிட்டர் அப்துல் ரஹீமின் வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. சாயங்காலத்துக்குள் ஐவியின் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் அவளுடைய மெயில் பெட்டியில் ஒன்றுமே இல்லை. இரண்டு வாரம் கழித்து, ஐவி மேடம்தான் காற்றில் செய்யச் சொன்னார் என்று ரஹீம் கொடுத்ததாக ஒரு வாக்குமூலம் வந்தது. வேலை போயிற்று. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். கவனக்குறைவால் கையை இழக்கச் செய்த குற்றத்துக்கு அவள்மேல் கேஸ் பதிவானது. கோர்ட்டில் கேஸ் நிற்கும் ஒருத்தியை எந்தத் தொழிற்சாலையும் வேலைக்குச் சேர்க்கவில்லை. நாற்பது வயதில் ஒரு வகுப்பில் சேர்ந்து, தன்னைவிடப் பாதி வயசுக்காரர்களோடு உட்கார்ந்து ரிப்பேர் வேலை கற்றுக்கொண்டாள்.

இதையெல்லாம்விட ஒன்று அவளை அறுத்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த ரஹீமுக்கு பதினோரு நாள் சாப்பாடு கொண்டுபோனாள். அந்தத் தொழிற்சாலையில் தமிழ் பேச அவளுக்கு இருந்த ஒரே துணை அவர்தான், வாணியம்பாடிக்காரர். பன்னிரண்டாம் நாள் அவர் மனைவி பானு வார்டு வாசலிலேயே நிறுத்தி, "இனிமே வராதீங்கக்கா" என்று கதவைச் சாத்தினாள். மயக்க மருந்தில் கிடந்தவரிடம் யாரோ எதையோ சொல்லி நம்பவைத்துவிட்டார்கள் என்றுதான் ஐவி இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"அந்தக் கேஸ் கீஸெல்லாம் அப்பவே க்ளோஸ் ஆயிருக்குமே?" என்று டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார் பாலச்சந்திரன்.

கேஸ் நடந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் போய் நின்று, தேதி வாங்கிக்கொண்டு திரும்பினாள். சாட்சிகளை இன்னும் கூப்பிடவே ஆரம்பிக்கவில்லை.

"அது எப்பவோ போச்சு சார்," என்றாள் ஐவி. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னபிறகுதான் எதற்காகச் சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. கேஸ் நடப்பது தெரிந்தால் அவர் அந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

"நல்லதா போச்சு. உனக்கும் சொந்தக் கடைன்னு ஆச்சு. எல்லாம் நன்மைக்குத்தான்."

லேப்டாப்பைத் திறந்தாள். ஆன் ஆகவே ஐந்து நிமிஷம் ஆனது. உள்ளே டிஸ்க் டிக் டிக்கென்று தட்டியது. தொழிற்சாலையில் அவர் வைத்திருந்த அதே லேப்டாப்தான். மூடியின் ஓரத்தில் கம்பெனி ஒட்டிய எண் பாதி கிழிந்து இன்னும் இருந்தது.

"ரிட்டயர் ஆகும்போது இதையே எனக்குக் கொடுத்துட்டாங்க," என்றார். "இப்ப கன்சல்டன்ஸி பண்றேன். அடுத்த மாசம் தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்புக் குழு ஒண்ணுல என்னைப் போடறாங்க. பழைய ட்ராயிங், ரிப்போர்ட் எல்லாம் மெயில்லதான் கிடக்கு. புதுசா வேகமா ஓடற டிஸ்க் போடு. ஆனா ஒண்ணு. எதுவும் மாறக் கூடாது. ஐகான்கூட இருந்த எடத்துலயே இருக்கணும். பழைய மெயில் ஒண்ணு விடாம வந்திருக்கான்னு நீயே திறந்து பாத்துடு."

"குளோன் பண்ணிடறேன் சார். இதுல இருக்கறது அப்படியே அதுல வந்துடும்."

ஜாப் ஷீட்டை எழுதி நீட்டினாள். 'பழைய டிஸ்க்: வேண்டும் / வேண்டாம்' என்று அதில் ஒரு வரி. பாலச்சந்திரன் 'வேண்டாம்' என்பதில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார். "அந்தக் குப்பைய நான் வெச்சுட்டு என்ன பண்ணப் போறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர் போனபிறகு ஐவி கொஞ்ச நேரம் அந்த டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

பழைய டிஸ்க்கையும் புதிய எஸ்.எஸ்.டி.யையும் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, குளோனை ஆரம்பித்தாள். முதலில் நன்றாக ஓடியது. அறுபத்தொன்று சதவீதத்தில் நின்றது. டிஸ்க் ஒரு தடவை கிறீச்சென்று இழுத்து, மறுபடி தட்டியது. ஐவி உடனே நிறுத்தினாள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது.

இப்படிச் சாகும் டிஸ்க்குகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். "சாரி சார், டிஸ்க் போயிடுச்சு" என்று கைவிரித்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. அவருடைய முப்பது வருஷ வேலை, அதை வைத்து வரும் பதவி, எல்லாம் ஒரே சொல்லில் போய்விடும். இன்னும் இரண்டு தடவை அதட்டி ஓடவிட்டால் போதும். அந்த ஆசை வந்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் அவளுடைய மெயிலும் அதற்குள் இருக்கக் கூடும். சர்வரிலிருந்து அழித்தவர்கள் இந்த லேப்டாப்புக்குள் தானாக இறங்கிச் சேர்ந்ததை அழித்திருப்பார்களா? பாலச்சந்திரனுக்கு இதெல்லாம் தெரியாது. அந்தக் காலத்தில் மெயிலையே பிரின்ட் எடுத்துத்தான் படிப்பார். டிஸ்க் செத்தால் அவளும் சேர்ந்துதான் சாகவேண்டும்.

டேபிள் ஃபேனை இழுத்து டிஸ்க்குக்கு நேராக வைத்தாள். வேறொரு மென்பொருளைப் போட்டாள். அது கெட்டுப்போன இடங்களைத் தொடாமல் தாண்டிப்போய் முதலில் நல்ல பகுதிகளை வாரிக்கொள்ளும். பிறகு திரும்பிவந்து கெட்ட இடத்தைத் துளித்துளியாகப் படிக்கும். அரை மணி ஓடவிட்டு, கால் மணி ஆறவிட்டாள். அன்று வேறு வேலை எதையும் எடுக்கவில்லை. இரண்டு பேரை நாளை வரச்சொல்லித் திருப்பி அனுப்பினாள். கைப்பிள்ளைக்குத் தைலம் தேய்ப்பதுபோல அத்தனை பதமாகச் செய்தாள்.

ஆறு மணிக்கு எண்பத்துநாலு சதவீதத்தில் நிறுத்தி, டிஸ்க்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மாரேட்பள்ளி வீட்டுக்குத் திரும்பினாள். கணவன் ஸ்டான்லி ரயில்வே ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. பேச்சில் ஊரும் இருக்கும், செகந்திராபாத் உருதுவும் இருக்கும். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"கைக்கு, எதுக்கு இப்போ இதெல்லாம்?" என்றான். "அவன் லேப்டாப்ப சரி பண்ணிக் கொடுத்துட்டு விட்டுரு. நக்கோ, வேண்டாம் இந்த வம்பு. கர்த்தர் பாத்துக்கிடுவாரு."

"ஆறு வருஷமா பாத்துக்கிட்டுதான் இருக்காரு."

"நீ கோவத்துல பேசுத."

"ஹவ், ஆமா. கோவம்தான். அந்த ஆளு இன்னிக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாரு ஸ்டான்லி. எல்லாம் நன்மைக்குத்தான்னாரு. நான் ஸ்டேஷன் பெஞ்சில உக்காந்தது, உங்க அக்கா வீட்டுக் கல்யாணத்துல என்னையப் பாத்து அத்தன பேரும் வாய மூடினது, எல்லாம் நன்மைக்காம்."

ஸ்டான்லி வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "வக்கீல் சகுந்தலாம்மாகிட்ட கேக்காம ஒண்ணும் செய்யாத," என்று மட்டும் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை மதியம் குளோன் முடிந்தது. மூன்றே மூன்று துண்டுகள் படிக்க முடியாமல் போயின, ஏதோ ஒரு போட்டோவின் மூலை. எஸ்.எஸ்.டி.யை லேப்டாப்பில் மாட்டி ஆன் செய்தாள். பன்னிரண்டு நொடியில் திரை வந்தது. ஐகான் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மெயிலைத் திறந்தாள். திறந்து பார்க்கச் சொன்னவர் அவரே. தேடும் கட்டத்தில் தன் பெயரைத் தட்டும்போது மட்டும், இது அவர் சொன்னதில் சேராது என்று அவளுக்குத் தெரிந்தது. தட்டினாள்.

இருந்தது. அவள் எழுதியது, தேதியோடும் நேரத்தோடும். அவர் பதில், அதற்குக் கீழே. பொறுப்பு என்னுடையது. ஆறு வருஷமாக அவள் தூக்கத்தில்கூட மனப்பாடமாகச் சொன்ன வாக்கியத்தில் ஒரு சொல்கூட மாறியிருக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் அன்று அவள் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பாள். அந்தப் பட்டியலில் இன்னும் பன்னிரண்டு மெயில்கள் இருந்தன. ஐவியின் மெயில் பெட்டியை இன்றே காலி செய்யவும் என்று கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒன்று. கம்பெனி வக்கீலோடு நடந்த பேச்சு. அதில் ரஹீமின் வாக்குமூலம் மூன்று வடிவங்களில் இணைக்கப்பட்டிருந்தது. முதலாவதில் 'மேனேஜர் சார் சொன்னார்' என்று இருந்தது. இரண்டாவதில் 'யார் சொன்னது என்று நினைவில்லை'. மூன்றாவதில் 'ஐவி மேடம் சொன்னார்', கீழே இடது பெருவிரல் ரேகை. அதை அனுப்பிய மெயிலில் பாலச்சந்திரன் எழுதியிருந்தார்: அவருக்கு கேட்டில் வேலை, மகனுக்கு ஸ்டோரில் வேலை என்று பேசி முடித்தாயிற்று. முழுவதையும் அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். ஒப்புக்கொண்டார்.

படித்துக் காட்டினேன். ஐவி அந்த வரியை நாலைந்து தடவை படித்தாள். ரஹீமுக்குத் தெரியும். தெரிந்துதான் விரல் வைத்திருக்கிறார். தெரிந்துதான் பானு கதவைச் சாத்தியிருக்கிறாள். அந்த மனிதருக்காக அவள் தேவாலயத்தில் முழங்காலில் நின்று அழுத நாட்கள் எத்தனை. இப்போது அழுகை வரவில்லை.

சகுந்தலா அவளுடைய வக்கீல். அறுபது வயதுக்காரி, அளந்துதான் பேசுவாள். போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"எதையாவது காப்பி எடுத்தீங்களா, ஐவி? உங்க மெயிலுக்கு அனுப்பிக்கிட்டீங்களா?"

"இல்ல மேடம். கை பரபரன்னுது. செய்யல."

"செய்யாதீங்க. திருடினது, நீங்களே உண்டாக்கினதுன்னு சொல்லிடுவாங்க. பழைய டிஸ்க்கை என்ன பண்ணச் சொன்னார்?"

"வேண்டாம்னு டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கார்."

"கையெழுத்து இருக்கா," என்றாள் சகுந்தலா மெதுவாக. "அப்ப அதை இனிமே எதுலயும் மாட்டாதீங்க. ரெண்டு சாட்சி முன்னால உறையில போட்டு ஒட்டுங்க. லேப்டாப்பை சிரிச்ச முகமா திருப்பிக் கொடுங்க. எல்லாம் பழையபடி இருக்குன்னு அவர் கையாலயே எழுதி வாங்குங்க. முக்கியமா, வாயைத் திறக்காதீங்க. முடியுமா?"

"முடியும்," என்றாள் ஐவி.

வியாழக்கிழமை பாலச்சந்திரன் வந்தபோதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. மெயில் அவருக்கு முன்னால் திறந்திருந்தது. மேலும் கீழும் உருட்டிப் பார்த்து, "அடேயப்பா, பறக்குது," என்றார். "பழசெல்லாம் இருக்கா?"

"நீங்களே தேடிப் பாருங்க சார். எந்த வருஷம் வேணும்னாலும்."

அவர் ஏதோ ஒரு பாய்லரின் பெயரைத் தட்டினார். எட்டு வருஷத்துக்கு முந்திய ட்ராயிங் வந்தது. திருப்தியாகத் தலையாட்டினார். அவளுடைய பெயருக்கும் அவருடைய விரலுக்கும் நடுவில் நாலைந்து எழுத்துதான் தூரம். அதை அவர் தட்டவில்லை. தட்ட வேண்டிய அவசியம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

"இந்த ரசீதுல ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க சார். டேட்டா வேலைக்கு எல்லார்கிட்டயும் வாங்குவேன். பின்னால இது காணோம், அது காணோம்னு வரக் கூடாது பாருங்க."

அவர் சிரித்தார். "நீ மாறவே இல்ல." பேனாவை எடுத்து, பழைய டிஸ்க்கில் இருந்த எல்லாக் கோப்புகளும் மெயில்களும் புதியதில் அப்படியே இருப்பதைச் சோதித்துப் பெற்றுக்கொண்டேன் என்று ஆங்கிலத்தில் அழகான கையெழுத்தில் எழுதி, தேதியும் போட்டார்.

வாசல்வரை போய்த் திரும்பினார். "ஐவி, உனக்கு என்மேல வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டு, "போயிட்டு வாங்க சார்," என்றாள்.

அடுத்த வாரம் சகுந்தலா கோர்ட்டில் மனுப் போட்டாள். அதில் பழைய டிஸ்க்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. பாலச்சந்திரனிடம் உள்ள லேப்டாப்பையும், இன்ன தேதியில் குற்றம் சாட்டப்பட்டவர் அவருக்கு அனுப்பிய மெயிலையும் கொண்டுவர உத்தரவிட வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தாள். சம்மன் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலை ஐவியின் போன் அடித்தது.

"ஐவிம்மா, நல்லா இருக்கியா." குரலில் பழைய உல்லாசம் இல்லை. "கேஸ் முடிஞ்சதுன்னு சொன்னியே?"

"முடிஞ்ச மாதிரிதான் சார் கெடந்துச்சு. வக்கீல் ஏதோ பண்றாங்க. எனக்கு என்ன தெரியும்."

"சரி சரி. ஒண்ணு கேக்கணும். அந்தப் பழைய டிஸ்க் என்ன ஆச்சு?"

ஐவி மேஜை டிராயரைப் பார்த்தாள். ரெண்டு சாட்சி முன்னால் ஒட்டிய உறை அதற்குள் பத்திரமாகப் பூட்டியிருந்தது. "வேண்டாம்னு டிக் போட்டீங்களே சார். வேண்டாம்னு விட்டுட்டுப் போற டிஸ்க்கெல்லாம் மாசக் கடைசில ஸ்கிராப்காரன் அள்ளிட்டுப் போயிடுவான்."

"ஓ. போயிட்டா நல்லது. போகட்டும்." அவர் மூச்சு விட்டது போனில் தெளிவாகக் கேட்டது. ஐவி போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். ஆறு வருஷத்தில் அந்த மாதிரி அவள் சிரித்ததில்லை. தன் சிரிப்புச் சத்தம் தனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அவர் லேப்டாப்பைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்த நாளில் ஐவி குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிற்கும் இடத்தில் நின்றாள். பாலச்சந்திரன் நல்ல சட்டை போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கூண்டில் ஏறினார். சகுந்தலா அவசரப்படவில்லை.

"இந்த மெயில் உங்கள் லேப்டாப்பில் இருக்கிறதா?"

"இல்லை. அப்படி ஒரு மெயில் எனக்கு வரவே இல்லை."

"சம்மன் வந்தபிறகு இதிலிருந்து எதையாவது அழித்தீர்களா?"

"இல்லை."

"இந்தக் கையெழுத்து உங்களுடையதா?" ஜாப் ஷீட்டையும் ரசீதையும் நீட்டினாள். அவர் இரண்டையும் படித்தார். பேனாவை எடுத்த அன்று அவர் முகத்தில் இருந்த நிறம் வேறு, இப்போது இருந்தது வேறு. "என்னுடையதுதான்," என்றார். அதன்பிறகுதான் சகுந்தலா உறையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

பாலச்சந்திரன் உறையைப் பார்த்தார். பிறகு ஐவியைத் தேடிப் பார்த்தார். இந்த ஒரு பார்வைக்காகத்தான் அவள் அந்தச் சாகக் கிடந்த டிஸ்க்குக்கு ஃபேன் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர்தான் எடுத்தார்.

இரண்டு டிஸ்க்கும் தடயவியல் சோதனைக்குப் போயின. அறிக்கை வர நாலு மாதம் ஆனது. பல லட்சம் கோப்புகளில் வித்தியாசம் என்று சொல்லும்படி இருந்தது பதினாலு மெயில்தான். பழையதில் பதினாலும் இருந்தன. புதியதில் அவை சம்மன் போன இரண்டாம் நாள் அழிக்கப்பட்டிருந்தன. மெயில் இருந்திருந்தால்கூட அவருக்கு ஏதாவது சாக்குச் சொல்ல வாய்ப்பிருந்திருக்கும். அழித்ததுதான் அவரை மாட்டிவிட்டது என்று சகுந்தலா பிறகு சொன்னாள். ஐவிக்கு அது முன்பே தெரியும். அவர் அழிப்பார் என்று அவள் நம்பினாள். ஆறு வருஷத்துக்கு முன்னும் அதைத்தானே செய்தார்.

ரஹீமின் மூன்று வாக்குமூலங்களைக் காட்டவேண்டுமா என்று சகுந்தலா ஒரு தடவை கேட்டாள். "அது இல்லாமலே உங்களை விடுவிச்சிடுவாங்க. காட்டினா அந்த ஆளுக்கு வேலை போகும். மகனுக்கும் போகலாம்."

ஐவி ஒரு நாள் அவகாசம் கேட்டாள். காட்ட வேண்டாம் என்று ஸ்டான்லி நினைப்பது அவன் சொல்லாமலே தெரிந்தது. மறுநாள் போன் செய்து, "காட்டுங்க மேடம்," என்றாள்.

அவள் விடுவிக்கப்பட்டாள். பொய்ச் சாட்சிக்கும் ஆதாரத்தை அழித்ததற்கும் பாலச்சந்திரன்மேல் தனியாகக் கேஸ் போட உத்தரவானது. பாதுகாப்புக் குழுவில் அவர் பெயர் இருந்த இடத்தில் வேறு பெயர் வந்தது. அந்த வாரம் ஐவி தினமும் பசியோடு சாப்பிட்டாள். தீர்ப்பின் நகலைக் கடையில் கஸ்டமர் கண்ணில் படும்படி மாட்டலாமா என்றுகூட யோசித்தாள். ஸ்டான்லி வேண்டாம் என்றான். மாட்டவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு பகல் பதினோரு மணிக்கு ரஹீமும் பானுவும் கடைக்கு வந்தார்கள். ரஹீம் மெலிந்திருந்தார். வலது கைச் சட்டையை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. கேட் வேலை போயிருந்தது. மகன் தானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டானாம்.

"உக்காருங்க பாய்," என்றாள் ஐவி. அவர் உட்காரவில்லை.

"மேடம், மாஃப், மன்னிப்பு கேக்க வந்தேன்."

"மாஃபெல்லாம் நக்கோ."

"பையன் அப்ப வேலை இல்லாம சும்மா இருந்தான். எனக்கு இந்தக் கை போச்சு. மேனேஜர் சார் பெட் பக்கத்துல உக்காந்து படிச்சார். நான் முதல்ல ஒத்துக்கல மேடம், அல்லா மேல சத்தியமா. மூணாவது தடவ ஒத்துக்கிட்டேன்."

பானு முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். "நான்தாங்க்கா ஒத்துக்கச் சொன்னேன்," என்றாள். "அவர் மாட்டேன்னுதான் சொன்னார்."

அந்தச் சொல் தனக்குள் எங்கே போய் விழுந்தது என்று ஐவிக்கே சொல்லத் தெரியாது. இவர்களை மன்னித்துவிடலாம் என்று ஒரு பக்கம் இழுத்தது. அந்தப் பக்கம் போக அவளுக்கு மனசில்லை.

"யார் பாய் காத்துல டெஸ்ட் பண்ணச் சொன்னது?" என்று கேட்டாள்.

ரஹீம் தலையைக் குனிந்தார். "நீங்க சொல்லல. மேனேஜர் சார் சொன்னார். நீங்க வேண்டாம்னு சொன்னீங்க. ஷாப் ஃப்ளோரே கேட்டுச்சு."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பானுவும் பார்த்தாள். ரஹீம் மறுபடி சொன்னார், முதல் தடவையைவிடச் சத்தமாக. கேட்டுக்கொண்டிருந்த ஐவிக்குத் தான் நினைத்திருந்ததுபோல மனசு லேசாகவில்லை. ஆனாலும் அதைக் கேட்காமல் இந்த மனிதரை வாசல் தாண்டவிட்டிருக்க மாட்டாள்.

"சரி, போயிட்டு வாங்க," என்றாள். "பையன்கிட்ட சர்டிபிகேட் இருந்தா சகுந்தலா மேடத்தைப் போய்ப் பாக்கச் சொல்லுங்க, வேலை ஏதாவது பாத்துக் கொடுப்பாங்க. நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்ல வேண்டாம்."

அவர்கள் ரோட்டைக் கடந்து ஷேர் ஆட்டோவுக்குக் கைகாட்டுவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். ரஹீமுக்கு ஏற ஒரு கை போதவில்லை. பானு பின்னாலிருந்து தாங்கினாள். ஐவி கதவுவரை எழுந்து போனாள். கைப்பிடியில் கை வைத்தாள். ஆட்டோ கிளம்பிவிட்டது. திரும்பி வந்து, மேஜையில் திறந்து கிடந்த யாரோ ஒருவருடைய லேப்டாப்பின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக மாட்ட ஆரம்பித்தாள்.